பாக்கியம் அக்கா நலமாக இருக்கட்டும்

ஒருவருக்குக் கெடுதல் நினைத்து நான் செய்த காரியம் எதுவும் இதுவரை பலித்ததில்லை. நல்லது நினைத்து ஒரே ஒரு காரியம் செய்தேன். அதில் ஒரு மனுஷி பாயில் விழுந்தாள், தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா மூன்று நாள் காலியாகக் கிடந்தது, செய்வினை எடுக்கிற கட்டாடியா ஏழு தேசிக்காயோடு (எலுமிச்சைதான்) லயத்து வாசலில் வந்து உட்கார்ந்தார். அன்பு, கருணை என்று இப்போது யாராவது பேச ஆரம்பித்தால், உங்கள் வீட்டுச் சுவர் கூரை வரைக்கும் போகிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

எங்கள் லயத்தில் போகவில்லை. தெஹியோவிட்டைக்கு மேலே, இறப்பர் மரங்களுக்கு நடுவில், வரிசையாகப் பத்து ஒற்றை அறைக் காம்பராக்கள். இரண்டு காம்பராவுக்கு நடுவில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வரை சுவர் இருக்கும். அதற்கு மேல் தகரம் வரைக்கும் வெறும் காற்றுதான். ஒரு வீட்டில் வெங்காயம் தாளித்தால் மூன்று வீட்டுக்குப் பசிக்கும். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டிலிருந்து “கொத்தமல்லி அவிச்சுக் குடி” என்று குரல் வரும் (சண்டை இல்லாத நாட்களில்).

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா வேலை. தாய்மார் விடியற்காலையில் இறப்பர்ப் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பதினேழு பிள்ளைகள். கஞ்சி ஊட்டி, கழுவி, சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டி, பத்து மணிக்குத் தாய்மார் பால் கொடுக்க ஓடி வரும்வரை சமாளிக்க வேண்டும். எனக்கென்று பிள்ளை இல்லை. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. பதினேழு பிள்ளைகளின் மூத்திரமும் என் சேலையில்தான் என்பதால் அந்தக் குறை பகலில் பெரிதாகத் தெரியாது.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் பிள்ளையையும் பார்த்து “நல்லா இருக்கு” என்று சொல்லிவிடக் கூடாது. நாவூறு பட்டுவிடும். பூசணிக்காய் மாதிரி இருக்கிற பிள்ளையைக் “கருவாட்டுக் குச்சி” என்று கூப்பிட வேண்டும். சிரித்தால் “பல்லக் காட்டாத, கொரங்கு” என்று அதட்ட வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை நிறை பார்க்க வரும் மிட்வைஃப் நோனா தராசைப் பார்த்துவிட்டு “ஹொந்த பபா, நல்ல பாரம்” என்று சொன்னதும் தாய்மார் எல்லோரும் ஒரே நேரத்தில் தூ தூ என்று துப்புவார்கள். தன்னைத்தான் துப்புகிறார்கள் என்று அந்த நோனா முதல் மாதம் அழுதுவிட்டார்.

நான் இந்தச் சட்டத்தில் கெட்டிக்காரி. என் வாய் தோட்டம் முழுக்கப் பிரசித்தம். அப்படிப்பட்ட நான்தான் கருணையில் இறங்கினேன்.

பாக்கியம் அக்கா அடுத்த காம்பரா. ஐம்பதை நெருங்கிய விதவை, பால் வெட்டில் சூரி. அவளுடைய ஒற்றைக் கோழி என் வல்லாரைப் பாத்தியைக் கிளறியதில் எங்கள் சண்டை ஆரம்பித்தது. நான் கோழியைக் கல்லால் எறிந்தேன் (படவில்லை, முதலிலேயே சொன்னேனே, பலிப்பதில்லை என்று). அவள் பதிலுக்குப் பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னாள்: “பெத்தவளுக்குத்தானே உசிரோட அரும தெரியும். பெறாதவளக் கொண்டுபோய்ப் புள்ளக்காம்பராவுல வச்சிருக்காரு பாரு நம்ம தொர.”

அன்றைக்கு என் வாளி பாதிதான் நிறைந்திருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் அது முதல் தடவை. அந்த வார்த்தை பல மாதம் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இந்த நிலையில்தான் கொழும்பிலிருந்து மிஸ் வந்தார். யுத்தத்தை நிறுத்திவிட்டுப் பேச்சுவார்த்தை நடத்திய காலம் அது. சமாதானம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாததால் எல்லாப் பக்கத்துக்கும் வேன் அனுப்பினார்கள். எங்கள் தோட்டத்துக்கு வந்த வேனில் வெள்ளைக் கைத்தறிச் சேலை கட்டிய ஒரு மிஸ்ஸும், தமிழில் மொழிபெயர்க்க ஒரு ஐயாவும் இறங்கினார்கள். ஐயா பேசிய தமிழ் எங்களுக்கு விளங்கவில்லை. ஆகவே மிஸ் சிங்களத்தில் சொன்னதை நேரடியாகக் கேட்டுக்கொண்டு, ஐயா பேசும் நேரத்தில் ரோல்ஸ் சாப்பிட்டோம்.

மைத்திரி தியானம் என்றார் மிஸ். நாம் நம்மிடமே கருணையாக இல்லை, அதுதான் நம் பிரச்சினை என்றார். களைத்துப்போய் வீட்டுக்கு வந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நிதானமாகக் குளியுங்கள், உங்களுக்காகப் பத்து நிமிஷம் தனியாக ஒரு அறையில் உட்காருங்கள் என்றார்.

“எந்த அறையில?” என்றாள் என் பக்கத்திலிருந்த ராணி, மெதுவாக. கைக்குழந்தைக்காரி, அவளுடைய பிள்ளையும் என் பதினேழில் ஒன்று. “எங்க வீட்டுல இருக்கிறதே ஒன்னு. அதுல எட்டுப் பேரு. வெந்நிக்கு வெறகு மிஸ் குடுத்து அனுப்புவாங்களா?”

ஆனால் எனக்கு மிஸ்ஸின் பேச்சு பிடித்துவிட்டது. இருபத்தொரு நாள் பயிற்சி. விடியற்காலையில் கண்ணை மூடி உட்கார வேண்டும். முதலில் தனக்கு நல்லது வேண்ட வேண்டும். பிறகு அன்பான ஒருவருக்கு. பிறகு முன்பின் அறியாத ஒருவருக்கு. கடைசியாக, நம்மை நோகடித்த ஒருவருக்கு. “நலமாக இருக்கட்டும், நோயில்லாமல் இருக்கட்டும், துன்பமில்லாமல் இருக்கட்டும்.” இதைச் செய்து முடித்தால் மனதில் இருக்கிற முள் தானாக விழுந்துவிடும் என்றார். எனக்கு அந்த முள்தான் கணக்கு.

மனதுக்குள் சொன்னாலும் போதும் என்றுதான் மிஸ் சொல்லியிருந்தார். என்னால் முடியவில்லை. மனதுக்குள் “நலமாக” என்று ஆரம்பித்தால் “இருக்கட்டும்” வருவதற்குள் ரொட்டிக்குத் தேங்காய் துருவினேனா, விறகு நனைந்ததா என்று போய்விடும். ஆகவே வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று.

முதல் நாள் விடியற்காலை நாலரை மணி. அடுப்படியில் சாக்கை விரித்து உட்கார்ந்து கண்ணை மூடி, “செல்வியாகிய நான் சுகமாக இருக்கட்டும்” என்றேன்.

பாயில் படுத்திருந்த மாமி (புருஷனின் தாய்) ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “சொகமா இருக்கவா ஒன்னயக் கட்டிக்கிட்டு வந்தோம்? எழும்பித் தேத்தண்ணிய வை.”

தன்மேல் கருணை அத்தோடு முடிந்தது. அடுத்த கட்டத்துக்கு என் புருஷனை எடுத்தேன். “ராஜேந்திரன் நலமாக இருக்கட்டும்” என்று மூன்று நாள் சொன்னேன். மூன்றாம் நாள் அவர், “என்னா வேணும்னு நேரடியாச் சொல்லு புள்ள. சாரியா, பிளவுஸா?” என்று கேட்டார். முன்பின் அறியாத ஆளாக அவிசாவளை பஸ் கண்டக்டரை வைத்தேன். மூன்று நாள் ஆசீர்வதித்த பிறகும் மிச்சக் காசை அவர் தரவில்லை.

எட்டாம் நாள் பாக்கியம் அக்காவுக்கு வந்தேன்.

மிஸ் சொல்லியிருந்தார்: “முதலில் சின்னக் கோபம் உள்ள ஆளாகத் தெரிவு செய்யுங்கள்.” நான் எப்போதும் பரீட்சையில் கடைசிக் கேள்வியை முதலில் எழுதுகிற ஆள் (அதனால்தான் ஓ.எல். மூன்று தடவை எழுதினேன்). கண்ணை மூடினேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்:

“பாக்கியம் அக்கா நலமாக இருக்கட்டும். பாக்கியம் அக்கா நோயில்லாமல் இருக்கட்டும். பாக்கியம் அக்கா துன்பமில்லாமல் இருக்கட்டும்.”

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ சட்டி உருண்டது. பூனை என்று நினைத்தேன்.

அடுத்த நாளும் சொன்னேன். அதற்கடுத்த நாளும் சொன்னேன். என்ன ஆச்சரியம்! மூன்றாம் நாள் பாக்கியம் கோழியைக் கயிற்றில் கட்டிப் போட்டிருந்தாள். நான்காம் நாள் பீலியில் என்னைப் பார்த்ததும் தன் வாளியை எடுத்துக்கொண்டு விலகி, எனக்கு வழிவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடினாள். நான் நெகிழ்ந்துபோனேன். மைத்திரி வேலை செய்கிறது, அவள் மனம் இளகுகிறது, என் கண்ணைப் பார்க்க வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று வீட்டுக்கு வந்து புருஷனிடம், “இனிமே பாருங்க, இந்த லயத்தையே மாத்திக் காட்டுறேன்” என்றேன். அந்தச் செல்வியை இப்போது பார்த்தால் காதைப் பிடித்துத் திருகுவேன்.

நடந்தது என்னவென்று எனக்குத்தான் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாக்கியம் தினமும் மூன்று மணிக்கே விழித்து, பாயில் எழும்பி உட்கார்ந்து, தன் பெயர் எப்போது வரும் என்று நடுங்கிக்கொண்டு கேட்டிருக்கிறாள். தன்னோடு ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசாத ஒருத்தி, பிள்ளை இல்லாத ஒருத்தி, இருட்டில் உட்கார்ந்து தன் பெயரைச் சொல்லிச் சொல்லி “நோயில்லாமல் இருக்கட்டும்” என்கிறாள். பிள்ளை கொழுத்திருக்கிறது என்று ஒரு தரம் சொன்னாலே நாவூறு. இது ஒரு நாளைக்கு இருபது தரம்.

தூக்கமில்லாத கண்ணோடு ஆறாம் நாள் மலைக்குப் போனவள், பால் வாளியோடு சறுக்கி விழுந்தாள். கணுக்கால் வீங்கியது. பயத்தில் காய்ச்சலும் வந்தது.

காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பயிற்சியைக் காலை, மாலை இரண்டு வேளையாக்கினேன். “நோயில்லாமல்” என்பதை மட்டும் பதினொரு தரம் கூட்டினேன். அவளுக்கு நன்றாகக் கேட்கட்டும், நல்ல வார்த்தை காதில் விழுந்தால் சீக்கிரம் குணமாகும் என்று சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தேன். குரலையும் கொஞ்சம் உயர்த்தினேன்.

மறுநாள் காலை பிள்ளைக்காம்பராவில் அடுப்பு மூட்டி, கஞ்சி வைத்து, பதினேழு சேலைத் தொட்டிலையும் கட்டி வைத்துக் காத்திருந்தேன். ஒரு பிள்ளை வரவில்லை. பெரட்டுக்குப் போகிற தாய்மார் (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடம் அது) பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலைத் தாண்டிப் போனார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ராணியை மட்டும் ஓடிப்போய் மறித்தேன்.

“என்னாடி, எல்லாரும் புள்ளைங்களத் தூக்கிக்கிட்டுப் போறீங்க? மலையில அட்டை கடிக்கும்டி.”

“அட்டை கடிச்சா ரத்தந்தானே போவும்” என்றாள் ராணி, என் முகத்தைப் பார்க்காமல்.

“அப்புடின்னா?”

“பாக்கியக்காவப் பாத்து நல்லா இருக்கட்டும்னு சொன்னீங்களாம். நெசமாவா?”

“ஆமா, சொன்னேன்.”

“ஒரு தரமா?”

“ரெண்டு வேளை சொல்றேன்.”

ராணி தன் பிள்ளையின் முகத்தைத் துவாயால் மூடினாள். எட்டு மாதமாக நான் கழுவித் துடைத்த முகம். பிள்ளை துவாய்க்குள்ளிருந்து என் குரல் கேட்டுக் கையை நீட்டியது. அவள் கையையும் உள்ளே தள்ளிக்கொண்டு நடந்துவிட்டாள்.

மூன்று நாள் அப்படியே போனது. ஆறிப்போன கஞ்சியை மாமியும் நானும் குடித்தோம். மலையில் இறப்பர் மரங்களுக்கு நடுவே தொட்டில் கட்டியிருக்கிறார்கள், வேலை நடக்கவில்லை, பால் குறைந்துவிட்டது என்று கணக்கப்பிள்ளை துரையிடம் சொல்லியிருக்கிறார். துரை சுருக்கமாக முடித்துவிட்டார்: திங்கட்கிழமைக்குள் பிள்ளைகள் வராவிட்டால் வேறு ஆயம்மா. என்னைப் புல்லு வெட்ட அனுப்புவதாம். புல்லு வெட்டுவதில் எனக்கு வெட்கமில்லை. அந்தப் பதினேழையும் தவிர என் கையில் வேறு பிள்ளை இல்லை என்பதுதான் என்னை அழவைத்தது. அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை, சொன்னால் பாக்கியம் பீலியில் சொன்னது சரி என்றாகிவிடும்.

“ஒனக்கு வேற ஆளே கெடைக்கலியா?” என்றார் புருஷன். “எங்கம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம்ல?”

“ஏன்டா, நான் நல்லா இருக்கிறது ஒனக்குப் பொறுக்கலியா?” என்றார் மாமி, மூலையிலிருந்து.

சனிக்கிழமை பின்னேரம் கட்டாடியா வந்தார். கிராமத்துக் கிழவர், வாயில் வெற்றிலை, கையில் தேசிக்காய்ப் பை. பாக்கியத்தை வாசலில் பாய் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். காலில் பத்து, நெற்றியில் திருநீறு, கண் குழிந்திருந்தது. லயம் முழுக்கக் கூடிவிட்டது. தோட்டத் தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை நடுவில் நிறுத்தினார்கள்.

“நீ காலையில என்ன சொன்னியோ, அத இங்க சொல்லு” என்றார் தலைவர்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இத்தனை பேருக்கு முன்னால் சொன்னால் அதிலுள்ள நல்ல எண்ணம் விளங்கிவிடும் அல்லவா? கைகூப்பி, கண்ணை மூடி, மிஸ் சொல்லிக்கொடுத்த மாதிரி மெல்லிய புன்னகையோடு சொன்னேன்:

“பாக்கியம் அக்கா நலமாக இருக்கட்டும். பாக்கியம் அக்கா நோயில்லாமல்...”

“ஐயோ, ஆரம்பிச்சிட்டாளே!” என்று பாக்கியம் பாயில் புரண்டாள். தாய்மார் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். தலைவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

“எதுக்குச் சொன்ன?” என்று கேட்டார் தலைவர்.

“அக்கா நல்லா இருக்கணும்னுதான்.”

“ஒனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்த உண்டா?”

“இல்லைங்க.”

“பேச்சுவார்த்தயே இல்லாதவ நல்லா இருக்கணும்னு எவளாச்சும் விடியக்கால எழும்பி ஒக்காருவாளா? கெட்டது சொன்னேன்னு சொல்லு, நம்புறேன். இது எப்புடிம்மா நம்புறது?”

மிஸ், கொழும்பு, வேன், இருபத்தொரு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். பயிற்சிக்கு வந்திருந்த ராணியைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். “எனக்கு ஞாபகமில்ல, நான் ரோல்ஸ் சாப்டுக்கிட்டு இருந்தேன்” என்றாள் அவள்.

கட்டாடியா வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஹூனியமக் நெவெய்” என்றார் சிங்களத்தில். செய்வினை இல்லை. எனக்கு உயிர் வந்தது. “மேக்க கட்டவஹ” என்றார் அடுத்ததாக. இது வாய்விஷம். வந்த உயிர் போனது.

அவர் விளக்கினார். வாய்விஷத்தைத் தேசிக்காய் வெட்டி எடுக்கலாம், ஆனால் பன்னிரண்டு நாள் சொன்னது, ஊறிவிட்டது. சொன்ன வாயே திருப்பி எடுத்தால்தான் சுருக்காகப் போகும். அதாவது நல்லது சொன்ன வாயால் கெட்டது சொல்ல வேண்டும். அதுவும் ஒப்புக்குச் சொன்னால் போகாது, மனதார வர வேண்டும்.

“அவ்வளவுதானே, செல்வி, நாலு வார்த்த திட்டு” என்றார் புருஷன், பெரிய நிம்மதியோடு.

இங்கேதான் நான் என் வாழ்க்கையின் மிகப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன். மறுத்தேன். இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. இந்த இருபத்தொரு நாளும் யார்மேலும் கடுஞ்சொல் பேச மாட்டேன் என்று மிஸ்ஸிடம் கைதூக்கி உறுதி கொடுத்திருந்தேன். தோட்டத்திலேயே பெரிய வாய்க்காரி, வேலை போகப்போகிற நேரத்தில், நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, “என்னால் யாரையும் வெறுக்க முடியாது” என்று சொன்னேன். அதுவும் இலக்கணத் தமிழில்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. என் புருஷன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “பாத்தீங்களா, எடுக்க மாட்டேங்கறா. கொல்லத்தான் பாக்குறா” என்று யாரோ சொன்னார்கள்.

அப்போது பாயிலிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது. தளர்ந்த குரல்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. “விடுங்க தலைவரே. மலடி வாயில வேற என்ன வரும்?”

மிஸ்ஸின் வெள்ளைச் சேலை, மெல்லிய புன்னகை, பத்தொன்பது நாள் மைத்திரி எல்லாம் எங்கே போனதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினேன்.

“அடியே பாக்கியம்! யாருடி மலடி? ஒங் கோழி என் வல்லாரையத் தின்னுட்டு என் அடுப்படியில வந்து முட்ட போட்டுச்சே, அன்னைக்கு எங்கடி போச்சு இந்த வாயி? அந்த முட்டைய ஒங்கிட்டத்தானடி கொண்டாந்து குடுத்தேன்! எடுபட்ட சிறுக்கி, ஒன் வாயில மண்ணு விழ! ஒனக்கு நல்லது நெனைக்கப் போனேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்! கால் மரத்துப் போவப் போவ ஒக்காந்து, ஒங் காய்ச்ச போவணும், ஒங் காலு தேறணும்னு கத்துனேனேடி! நீயா நல்லா இருப்ப? நாசமாப் போறவளே, நீ நல்லாவே இருக்க மாட்ட! பீலியில வரிச தாண்டி வைக்கிறியே, அந்த வாளி ஓட்டையாப் போவ!”

மூச்சு வாங்கினேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை.

“மாசா மாசம் நான் தலவாணியில மொகத்தப் பொத்திக்கிட்டு அழுவறது ஒனக்குக் கேட்டிச்சுல்ல? கேட்டுக்கிட்டுத்தானடி பீலியில வச்சு அப்புடிச் சொன்ன? ஒம் புருஷன் செத்ததுலேருந்து நீ அழுவறது எனக்குந்தான்டி கேக்குது! இந்த நாலு வருஷத்துல நான் யாருகிட்டயாச்சும் வாயத் தொறந்தனா? சொல்லுடி! தொறந்தனா?”

நான் செய்தது எனக்கே அப்போதுதான் உறைத்தது. நாலு வருஷம் காத்த ஒரே நல்ல காரியத்தை ஊருக்கு முன்னால் போட்டு உடைத்துவிட்டேன்.

பாக்கியம் மெல்ல எழும்பி உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு கம்மிய குரலில், “நான் சொன்னது தப்புத்தான்” என்றாள். அதை ஒரு தரம்தான் சொன்னாள், மறுபடி சொல்லவே இல்லை. அடுத்த நிமிஷம் கூட்டத்தைப் பார்த்து, “என்னா வேடிக்க? தேத்தண்ணி ஊத்துங்கடி. அவளுக்கும் ஒன்னு குடுங்க, தொண்ட காஞ்சிருக்கும்” என்றாள்.

“வேர்த்துருச்சு! காய்ச்ச விட்டுருச்சு!” என்று ராணி கத்தினாள். கட்டாடியா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “ஹரி, இவரய்” என்றார். முடிந்துவிட்டது என்று அர்த்தம். தேசிக்காயில் கத்தி வைக்கவே இல்லை. அதைப் பையோடு வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார். ஏழையும் மாமி ஊறுகாய் போட்டார், நன்றாகத்தான் இருந்தது (அதை நான் மாமியிடம் சொல்லவில்லை).

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கே பிள்ளைக்காம்பரா வாசலில் வரிசை. முதல் ஆளாக ராணி பிள்ளையை என் கையில் திணித்தாள். “பன்னிக்குட்டியப் புடிங்க. நல்லாத் திட்டிப் பாத்துக்குங்க ஆயம்மா.” நான் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்த அத்தனை கெட்ட பெயரையும் சொல்லி அழுதேன். ராணிக்கு முழுத் திருப்தி.

ஒரு மாதம் கழித்து மிஸ் திரும்பி வந்தார். கையில் கேள்வித்தாள். “உங்களை நோகடித்தவரோடு உங்கள் உறவு எப்படி மாறியிருக்கிறது?” என்று கேட்டார். “ரொம்ப நல்லா இருக்கு மிஸ். மனசு விட்டுப் பேசிட்டோம்” என்றேன். மிஸ்ஸின் கண் கலங்கிவிட்டது. பாக்கியத்தைக் கூட்டி வரச் சொல்லி, எங்களைத் தோளில் கைபோட்டு நிற்கவைத்துப் படம் எடுத்தார். எடுக்கும்போது, “இப்போது ஒருவருக்கொருவர் நலமாக இருங்கள் என்று சொல்லுங்கள்” என்றார். பாக்கியம் சட்டென்று என் வாயைப் பொத்தினாள். அந்தப் படம்தான் கொழும்பில் அச்சடித்த அறிக்கையில் வந்தது. ‘அன்பின் விளையாட்டு’ என்று கீழே எழுதியிருந்தார்கள்.

அதற்கு மறு வருஷம் எனக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்குப் பாக்கியம் பிள்ளையை வாங்கி மடியில் போட்டு, “சீ, என்னா இது, வெந்த பலாக்கொட்ட மாதிரி” என்றாள். என் பிள்ளையை ஒருவர் அப்படித் திட்டிக் கேட்பதற்கு நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் திட்டினாள்.

மகள் இப்போது கம்பஸில் படிக்கிறாள். பரீட்சைக்கு முந்தின நாள் போன் வரும். “அம்மா, நாளைக்குப் பேப்பர். நல்லா வரும்னு மட்டும் சொல்லித் தொலைச்சிராதீங்க.” நான் மூதேவி, தண்டம், சோத்துக்குக் கேடு என்று ஆரம்பிப்பேன். நான் முடித்ததும், “பெரியம்மாகிட்டக் குடுங்க” என்பாள். பாக்கியம் போனை வாங்கி, என்னால் இங்கே எழுத முடியாத நாலு வார்த்தையால் அவளை வாழ்த்துவாள். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் என் புருஷன், “போய்ப் பாத்து நல்லாத் திட்டிட்டு வா” என்றுதான் என்னை அனுப்புகிறார்.

போன மாதம் அப்படியொரு போனுக்குப் பிறகு பாக்கியம் என்னைக் கூர்ந்து பார்த்தாள். எழுபது வயது, காது மட்டும் அப்படியே இருக்கிறது. “ஏ புள்ள, அந்த விடியக்காலக் கூத்து, இப்பவும் பண்றியா?”

“இல்லக்கா. அத அன்னைக்கே விட்டுட்டேன்” என்றேன்.

பொய். தினமும் செய்கிறேன், உதடு அசையாமல். முதலில் என் பெயர், அடுத்தது அவள் பெயர். தயவுசெய்து யாரும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், கட்டாடியா இப்போது உயிரோடு இல்லை.